மூன்று அடுப்பு வெந்நீர்

முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். இதில் எங்கள் பக்கம் மறுபேச்சு கிடையாது. வளைகாப்பு முடிந்து மகள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது சம்பந்தியம்மாவும் கூட வந்திருந்தார். அவர்களுக்கு வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட். லிஃப்ட் உண்டு, குளியலறையில் கீசர் உண்டு. எங்களுக்கு மேற்கு மாம்பலத்தில், மூன்று குடித்தனம் இருக்கும் பழைய வீட்டில், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். குளியலறை பின்பக்கம், மூன்று குடித்தனத்துக்கும் பொது. சம்பந்தியம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சுற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“கொழந்தை பொறந்து ஒரு இருபது நாள் இங்க இருக்கட்டுமே. அப்புறம் நாங்க கூட்டிட்டுப் போயிடறோம். மழைக்காலம் வேற. அங்க கீசரைப் போட்டா ஆச்சு. உங்களுக்கு எதுக்குங்க செரமம்?” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபம். “மூணு மாசம். ஒரு நாள் கொறையாது. பத்தியமும் வெந்நீரும் நான் பாத்துக்கறேன்” என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வீறாப்பாகப் பேசினால் பின்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மூன்று மாதம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். வேலை பார்க்கிறவள் என்பதைவிட நிற்கிறவள் என்பதுதான் சரி. மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் நானும் கடையில் சேர்ந்தேன். காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் நான் கிளம்புவேன். இரவு நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் கூட்டம் இன்னும் அதிகம். ஊரார் பெண்களுக்கெல்லாம் கல்யாணப் புடவையை என் தோளில் போட்டுக் காட்டினேன், என் பெண்ணுக்குத் தலை பின்னிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்த மூன்று மாதத்தையாவது முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தேன்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். கடை மேனேஜர் நல்ல மனுஷன். “காலையில பதினோரு மணிக்கு வந்தாப் போதும், தை மாசம் வரைக்கும்” என்றார். அவர் சம்பளத்தைக் குறைக்கவும் இல்லை. அவர் இருக்கும் திசையைப் பார்த்து இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

இனி வெந்நீர். பிள்ளை பெற்றவளுக்குக் காலையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்ற வேண்டும். அண்டா நிறைய வேண்டும். குழந்தைக்குத் தனியாக ஒரு குண்டான், சாயந்திரம் துடைத்துவிட இன்னொன்று. போதாததற்குப் பத்தியக் குழம்பு, பூண்டு வதக்கல், துணி அலச வெந்நீர். எங்களிடம் இருந்தது ஒற்றைச் சிலிண்டர். அது காலியானால் புதிதாக வரும்வரை அடுப்பு அணைந்துதான் கிடக்கும். முன்பெல்லாம் ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்கும், பரணில் இருக்கும் திரி ஸ்டவ்வை இறக்கிச் சமாளிப்போம். அதுவும் குறைந்து குறைந்து நின்றுபோனது. கரண்ட் அடுப்பு வாங்கலாமே என்று கடையில் ஒருத்தி யோசனை சொன்னாள். அரசாங்கம் கொடுக்கும் இலவச யூனிட்டெல்லாம் வீட்டு ஓனரோடு நின்றுவிடும், எங்களிடம் அவர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கில் வாங்குகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. தண்ணீருக்குள் வைக்கிற ஹீட்டரோ, வயரிங் பழசு என்று கண்டிப்பாகத் தடை.

ஆக, கேஸ்தான். அந்த வருஷம்தான் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மானியம் என்று ஒன்று இருந்ததே என்பீர்கள். அந்தக் கதையில்தான் என் மானமும் சிக்கியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால், சிலிண்டருக்கு முழு விலையையும் கொடுத்துவிட்டால் மானியம் பிறகு பேங்க்கில் வந்து விழும். வசதியுள்ளவர்கள் அதை விட்டுக்கொடுக்கலாம் என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபோனில் சிலிண்டர் பதிவு செய்யும்போதே அதற்கும் ஒரு எண்ணை வைத்திருந்தார்கள். நான் ரங்கநாதன் தெருவில் சாப்பாட்டு நேரத்தில், ஒரு காதில் ஃபோனும் இன்னொரு காதில் நைட்டி விற்கிறவன் கூவலுமாக நின்று பதிவு செய்தேன். அந்தப் பதிவுக் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அடுக்கிக்கொண்டே போனது. கடைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. சனியன் முடிந்தால் போதும் என்று பூஜ்யத்தை அமுக்கிவிட்டேன்.

சாயந்திரம் ஃபோனில் இங்கிலீஷில் செய்தி வந்தது. அப்போது ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் படித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீ மானியத்தை விட்டுக் குடுத்துட்ட. உனக்கு நன்றி சொல்லியிருக்காங்க” என்றாள். சரியாக அந்த நேரத்தில் எதிர்க் குடித்தனத்து அக்கா வாசலில் நின்றார். மாவு அரைத்து விற்கிறவர், சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், யாருக்கும் பயப்படாத வாய். “இன்னாத்துக்குமா நன்றி?” என்று கேட்டார்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார், அத்தோடு போயிருக்கும். எனக்கு எங்கிருந்து அந்தத் தோரணை வந்ததோ, “ஆமாக்கா, நாந்தான் விட்டுக் குடுத்தேன். நம்மளவிட இல்லாதவங்களுக்குப் போகட்டுமேன்னு” என்றேன். மகள் சமையற்கட்டுக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அக்கா அதை முன் குடித்தனத்து மாமியிடம் சொன்னார். மாமி பால்காரரிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவர் டீக்கடை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அதற்குப் பிறகு ஏஜென்சியில் போய்த் திரும்பக் கேட்க எனக்கு முகம் இல்லை. இரண்டு வருஷம் மற்ற இரண்டு குடித்தனத்துக்கும் மானியம் வந்தது, எனக்கு மரியாதை வந்தது. பிறகு அவர்களுக்கும் அது தேய்ந்து தேய்ந்து இருபது ரூபாய், பத்து ரூபாய் என்று வந்து, ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றது. உண்மையைச் சொன்னால் என் மனசில் அன்றைக்கு ஒரு நிம்மதி. கெட்ட எண்ணம்தான். என்ன செய்ய, அப்படித்தான் தோன்றியது.

ஆனால் விட்டுக்கொடுத்த மகராசி என்ற பட்டம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டில் சிலிண்டர் கைமாற்றுக் கேட்பது எங்கள் தெருவில் ரொம்ப சாதாரணம். சர்க்கரை கேட்பது மாதிரி. எனக்கு மட்டும் அந்த வழி அடைபட்டுப் போனது. கதவைச் சாத்திக்கொண்டு கஷ்டப்படப் பழகினேன். இடியாப்பம் நின்றது. கொண்டைக்கடலை நின்றது, வேக நேரமாகும் என்பதால். பருப்பைச் சாதத்தோடு குக்கரிலேயே அடுக்கினேன். இரவு அடுப்பே பற்றவைக்காமல் நீர்மோரும் பழைய சாதமும். “உடம்புக்கு குளிர்ச்சி” என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவரும் நம்பியதுபோல் சாப்பிடுவார்.

பிள்ளை பிறந்து பத்தொன்பதாம் நாள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சம்பந்தியம்மா வருவதாக ஃபோன் வந்தது. கையோடு அழைத்துப் போகும் எண்ணம் அவருக்கு இன்னும் இருந்தது, குரலிலேயே தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் கொதிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவேன். நொச்சி இலையின் வாசனை மட்டும் இருக்கும், சூடு இருக்காது. முந்தின நாள் ஊற்றும்போது மகளின் முதுகு மயிர்க்கூச்செறிந்ததைப் பார்த்தேன். அவள், “நல்லா இருக்கும்மா” என்றாள். அந்த நல்லா இருக்கும்மாவை என்னால் தாங்க முடியவில்லை.

இருபதாம் நாள் காலை. அடைமழை. அண்டாவில் தண்ணீர் லேசாக ஆவி விடும்போது சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாகி, இரண்டு தரம் துடித்து, அணைந்தது. புதுச் சிலிண்டர் பதிவு செய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டினேன். தூக்கி ஆட்டினேன். அது தரையில் இடித்து டணார் டணார் என்றது. இன்னும் கொஞ்சம் இருக்கும், எனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே குழந்தை விழித்து வீறிட்டது.

“இன்னாமா, வூட்ட இடிக்கிறியா?” என்று கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். கையில் மாவு காயவில்லை. படுத்துக்கிடந்த சிலிண்டரைப் பார்த்தார், அண்டாவில் விரலை விட்டுப் பார்த்தார். “இந்தத் தண்ணியவா ஊத்துற, பச்ச ஒடம்புக்காரிக்கு?” என்றார்.

நான் சிலிண்டரை நிமிர்த்திவைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, எதுத்தாப்ல நான் இல்ல? சிலிண்டரு கேட்டா குட்க்க மாட்டனா? உங்கிட்ட நானா வந்து கேக்க எனுக்குத்தான் கூச்சமா கீது. கவருமெண்டுக்கே வுட்டுக் குட்த்தவ, அவளுக்குப் போயி நாம இன்னா குட்க்கறதுன்னு.”

அப்போதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. “விட்டுக் குடுக்கலக்கா. தெரியாம பூஜ்யத்தை அமுக்கிட்டேன். இத்தனை வருஷமா சொன்னது பொய்” என்று சொல்லி அழுதுவிட்டேன். ஐம்பது வயசுப் பொம்பளை காலி சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பார்க்க எப்படி இருந்திருக்கும்!

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து முடியாமல் ஈரப்படியில் உட்கார்ந்துவிட்டார். “அடிப்பாவி! ஒன்னால நானும் வுட்டுக் குட்த்துடலாமான்னு ரெண்டு நாள் தூங்காம இர்ந்தேன்!” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் அண்டாவைத் தூக்கினார். பாதித் தண்ணீரைத் தன் வீட்டு அடுப்பில் ஏற்றினார். மீதியைக் குண்டானில் ஊற்றிக்கொண்டு முன் குடித்தனத்துக் கதவைத் தட்டினார்.

மாமி தனியாக இருப்பவர். ஆசாரம் பார்ப்பவர். அவர் அடுப்பில் எங்கள் பாத்திரம் ஏறும் என்று நான் நினைக்கவில்லை. மாமி கதவைத் திறந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஏண்டி, எங்காத்துல காபிக்கு அடுப்பு ஏத்திண்டுதானே இருக்கேன்? அதுல ஒரு குண்டான் ஜலம் வெக்கறதுக்கு என்ன? பச்சைக் கொழந்தையை வெச்சுண்டு இப்படியா வாயை மூடிண்டு இருப்பா?” அதுவரை அவர் என்னை ‘டீ’ போட்டுப் பேசியதில்லை. அந்தத் திட்டு எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்குள் மகள் குளித்தாள். அக்காவே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊற்றினார். சூடு தாங்காமல் மகள் “ஐயோ, பெரிம்மா!” என்று கத்தினாள். கத்தட்டும் என்று நான் வெளியே நின்று ரசித்தேன். குழந்தையைக் காலில் போட்டு மாமியின் குண்டான் தண்ணீரில் நான் குளிப்பாட்டினேன். பத்து மணிக்குச் சம்பந்தியம்மா வந்தபோது சாம்பிராணிப் புகைக்குள் பேரன் கையை விரித்துப்போட்டுத் தூங்கினான். துணி அலச இன்னொரு குண்டான் வெந்நீரோடு மாமி உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கா ஒரு சொம்பில் கொதிக்கக் கொதிக்கப் பூண்டுக் கஞ்சியோடு.

“தெனமும் இப்படித்தானா?” என்று சம்பந்தியம்மா ஆச்சரியமாகக் கேட்டார்.

“பின்ன?” என்றார் அக்கா, கொஞ்சமும் கூசாமல். “பொறந்ததுலேந்து இப்டித்தான். மூணு வூட்டுப் புள்ளமா இது.”

பொய் சொல்வதில் நான் அவர் கால் தூசுக்கு வரமாட்டேன். சம்பந்தியம்மா பேரனின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “எங்க ஃப்ளோர்ல நாலு வீடு. பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழைத்துப் போகும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்த மத்தியானம், அரைநாள் லீவு சொல்லியிருந்த நான் கடைக்குக் கிளம்பும் முன், மூன்று பெண்களும் அக்கா வீட்டில் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் ஒப்புக்கொண்டோம். மாமி சாயந்திரக் காபியைக் காலையிலேயே போட்டு ஃப்ளாஸ்க்கில் வைத்துவிடுகிறாராம். அது ஆறிப்போய்க் கசக்குமாம். அப்பளம் பொரித்து ஒரு வருஷம் ஆகிறதாம். அக்கா வீட்டில், ஊருக்கெல்லாம் இட்லி மாவு விற்கிற வீட்டில், ஒரே ஈடு வேகவைத்து இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறார்களாம். “கல்லு கணக்கா கீது ராத்திரிக்கு” என்றார். அவரவர் கதவுக்குப் பின்னால் அவரவர் அடுப்பைச் சின்னதாக்கிக்கொண்டு, பக்கத்து வீடு மட்டும் நன்றாக இருக்கிறது என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். கோபப்பட வேண்டிய விஷயம்தான். மானியத்தை நிறுத்தியவர்களை அக்கா நன்றாகத் திட்டினார், அதை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்று நாங்கள் திட்டியதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

பதிவு செய்த ஆறாம் நாள் என் சிலிண்டர் வந்தது. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா விடவில்லை. “உன் ஒர்த்தி தலைல ஏத்துனா இருவது நாளுல தீந்துடும். மூணு வூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம்னா யாருக்கும் தெரியாது. சொம்மா இரு” என்றார். அப்படியே முறை வகுத்தார். மாமி காபி போட்டு இறக்கியதும், அடுப்பு சூடாக இருக்கும்போதே ஒரு குண்டான். அக்கா இட்லி ஈடு இறக்கியதும் அடியில் மிஞ்சும் கொதிநீரோடு பச்சைத்தண்ணீர் சேர்த்து அரை அண்டா. என் வீட்டில் குக்கர் இறங்கியதும் மீதி. மூன்று வாசலிலிருந்தும் ஆவி பறக்கப் பாத்திரங்கள் மழையில் முற்றத்தைக் கடந்து வரும். மேலே விழுகிற மழைத்துளி ஒவ்வொன்றும் சூட்டைக் குறைக்கிறது என்று மாமி தன் குடையைத் தனக்குப் பிடிக்காமல் குண்டானுக்குப் பிடித்துக்கொண்டு வருவார். எத்தனையோ பெரிய மனிதர்களுக்குக் குடை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது எதுவும் என் மனசில் நிற்கவில்லை.

மூன்று மாதம். ஒரு நாள் குறையவில்லை. தினமும் காலையில் மகளின் ஈரத்தலையைத் துவட்டி, சாம்பிராணி காட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். இருபத்துமூன்று வயசுப் பெண் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, “இழுக்காதம்மா” என்று சிணுங்கினாள். இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் பல நாள் கடைக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்திருக்கிறேன். மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்துக் கூட்டத்தில் யாரோ ஒருவர் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவருக்குக்கூட ஒரு சிரிப்பு.

தை பிறந்து, நல்ல நாள் பார்த்து அழைத்துப் போனார்கள். அக்காவும் மாமியும் தெருமுனை வரை வந்தார்கள். கார் போனதும் திரும்பினோம். வீடு அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. அடுப்பில் ஏற்ற எதுவும் இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குளியலறையில் அரை அண்டா வெந்நீர் இருந்தது. பக்கத்தில் மூடிபோட்ட மாமியின் குண்டான்.

பழக்க தோஷம், மறந்துபோய் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். “அக்கா, புள்ள அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு!” என்று குரல் கொடுத்தேன்.

“தெரியும்” என்றார் அக்கா, தன் வாசலில் இருந்தபடியே. “அது உனுக்கு. மூணு மாசமா பாக்கறேன், அவ்ளோ சுடுதண்ணி ஊத்துனியே, ஒரு சொம்பு உன் மேல ஊத்திக்கினியா? பச்சத்தண்ணில குளிச்சுக்கினு நாள் பூரா நின்னுக்கினு கெடக்குற. போ, போயி குளி.”

கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் சொம்பை முட்டியில் ஊற்றினேன். இரண்டாவதை இடுப்பில். மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே மாமியின் குரல் கேட்டது, “ஆறிடப் போறதுடி, சீக்கிரம் விட்டுக்கோ.”